ஆர்.டி.இ. சீட்டு எட்டாவதோடு முடியும்: காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) கீழ் தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சீட்டுக்கு மனுப் போடப் போகிறவர்கள் முதலில் ரேஷன் கார்டை எடுத்து விலாசத்தைப் பாருங்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்தான் கணக்கு. செட்டிநாட்டில் காரியம் சறுக்குவது இங்கேதான். பெரிய வீட்டின் பின்கட்டில் தங்கிக் காவல் பார்க்கும் குடும்பத்திடம் வாடகை ஒப்பந்தம் இருக்காது. கார்டோ சொந்த ஊர் விலாசத்தில் கிடக்கும். பள்ளி மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் பிள்ளை இருந்தாலும், காகிதத்தில் அவன் வெளியூர்க்காரன். மனு வழக்கமாக ஏப்ரலில் திறக்கும் (2025-ல் மட்டும் மத்திய நிதிச் சிக்கலால் அக்டோபர் வரை இழுத்தது). அதற்குப் பிறகு ஓடினால் ஆகாது, ஜனவரியிலேயே விலாசத்தை மாற்றிவிடுங்கள். கானாடுகாத்தானில் இருந்துகொண்டு காரைக்குடி டவுன் பள்ளியைக் கேட்பதில் பயனில்லை.

ஜூலை 31 அன்று பிள்ளைக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும். நலிந்த பிரிவில் கேட்டால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்றிதழ் போதும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறாக இருந்தால் முன்கூட்டியே சரிசெய்யுங்கள்.

எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் 10 இடம் இந்த ஒதுக்கீட்டுக்கு. மனு அதிகமானால் குலுக்கல். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைப்பதைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடுக்கிறது. முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதமே பொருந்தாது. பெயர்பெற்ற பள்ளிகள் சில பட்டியலில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீட்டு கிடைத்தால் அரசு கட்டுவது கல்விக் கட்டணம். வேன் உங்கள் பொறுப்பு. அதோடு ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, விளையாட்டு தினத்துக்கு வெள்ளை ஷூ என்று துண்டுச் சீட்டுகள் டைரியில் ஒட்டி வந்துகொண்டே இருக்கும். பணம் கட்டாத பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லும் வகுப்பில், யார் இலவச சீட்டு என்பது ஐந்து வயதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எதற்குக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். ரசீது தர முடியாத பணத்தை ஏன் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

எட்டாவது முடிந்ததும் சலுகை நின்றுவிடும். ஒன்பதாவதில் முழுக் கட்டணம். அந்த மே மாதம் கடன் வாங்கும் குடும்பங்கள்தான் அதிகம் சிக்குகின்றன. மெட்ரிக் பள்ளிப் பிள்ளை அரசுப் பள்ளிக்கு மாறினால் பாடத்திட்டம் மாறாது, பல பள்ளிகளில் ஆங்கில வழியும் உண்டு. ஒரே ஒரு இழப்பு என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகை. எட்டாவதில் மனத்திறனுக்கு 90, பாடத்துக்கு 90 என்று எழுதும் அதற்கான தேர்வு அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் அந்த உதவித்தொகையைத் தனியார் பள்ளிப் பிள்ளை கேட்க முடியாது.

மாறும்போது எந்தப் பள்ளி என்பதில்தான் நம் ஊர்க் கண்ணி இருக்கிறது. நகரத்தார் கட்டிக்கொடுத்த பழைய பள்ளிகள் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். சம்பளம் அரசு கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கே உரியது. உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. கல்லூரி மாணவிகளுக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டத்தில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கு இடம் தந்திருப்பதால், இதுவும் வரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

7.5-க்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆனால் எட்டு வரை ஆர்.டி.இ.யில் தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உரிமை உண்டு. அதனால் எட்டாவதில் டி.சி. வாங்கும் அன்றே, ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் படித்ததாகத் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். எல்.கே.ஜி. சேர்க்கை ஆணையின் நகலையும் அதோடு வையுங்கள். நாலு வருஷம் கழித்து, கவுன்சலிங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய்க் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேட ஆள் இருக்காது.