36½ மணி நேர வெள்ளிக்கிழமை

அம்மா வெள்ளிக்கிழமை விரதம். பாலும் பழமும்தான்; சோறு, பலகாரம் எல்லாம் மறுநாள் விடிந்த பிறகுதான். இது தெரிந்தும், தங்கையைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போக வியாழன் ராத்திரிக்கு டிக்கெட் போட்டது என் தப்பு. 6,000 ரூபாய் குறைவாக இருந்தது, வேறு காரணமில்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், அதைச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ கிட்டத்தட்ட 13,600 கிலோமீட்டர். எதிர்த்திரையில் அதைப் பார்த்த அம்மா, "மதுரையிலேர்ந்து மெட்ராஸுக்கு 460, அதுக்கே ராத்திரி பூரா பஸ்ல உட்காரணும், அப்ப இது முப்பது ராத்திரிடா" என்றார். பதினைந்து மணி நேரம்தான்மா என்றேன். நம்பவில்லை.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பியது. கிழக்கே பறப்பதால் சூரியன் அவசர அவசரமாக மறைந்தது, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் விடிந்தும் விட்டது. அம்மா முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, "சனிக்கிழமை வந்தாச்சு" என்று கொடுத்த உப்புமாவை ஒரு பருக்கை விடாமல் தின்று, என் தட்டிலிருந்த பன்னையும் எடுத்துக்கொண்டார்.

இறங்கி போனை ஆன் செய்தால் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை! கிளம்பிய அதே நாள், அதே மணி. கோடையில் அந்த ஊர் சிங்கப்பூருக்கு 15 மணி நேரம் பின்னால், நாங்கள் பறந்ததும் 15 மணி நேரம், நடுவில் தேதிக்கோடு வேறு என்று இமிகிரேஷன் வரிசையில் நின்றபடி விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் உப்புமா தின்னது வெள்ளிக்கிழமையிலயாடா?"

தங்கை வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு மணத்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். நம்மூர் நள்ளிரவில் தொடங்கிய அந்த வெள்ளிக்கிழமை அங்கே முடிய 36½ மணி நேரம் ஆனது. கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பியதும் வியாழன் ராத்திரிதான் (டிக்கெட் விஷயத்தில் நான் திருந்துகிற ஆள் இல்லை). மேலே மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் காற்று இப்போது எதிர்க்காற்று, அதனால் அதே தூரத்துக்கு 17 மணி நேரம். பத்தரைக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை ஆறரை. வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்த சுவடே தெரியாது.

நள்ளிரவு தாண்டிச் சாப்பாடு வந்தது. அம்மா சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். "அம்மா, இப்ப வெள்ளிக்கிழமை" என்றேன் மெதுவாக.

"அது உன் தங்கச்சி ஊர்ல. வர்றப்பவே ஒரு வெள்ளிக்கிழமை கூடுதலா இருந்துட்டேன், அதுல கழிச்சுக்கோ" என்றவர், என் தயிர் டப்பாவையும் இழுத்துத் திறந்தார்.