சூப்பர்நேட்டன்ட்: வாய்மொழித் தேர்வில் மாட்டிவிடும் சொல்

உயிர்வேதியியல், மருத்துவ ஆய்வக நுட்பம் படிக்கிற சேலத்துப் பிள்ளைகள் பலரும் சூப்பர்நேட்டன்ட் என்றதும் "மேலே மிதக்கிற திரவம்" என்று ஒப்பித்துவிடுவார்கள். "எது மேல மிதக்குது?" என்று அடுத்த கேள்வி விழும். அங்கேதான் முழிப்பு.

லத்தீனில் சூப்பர் என்றால் மேலே, நட்டாரே என்றால் நீந்துதல். பெயரில்தான் நீச்சல். பொருள், அடியில் திடப்பொருள் படிந்தபின் அதன்மேல் தெளிந்து நிற்கும் நீர்மம். ரசத்தில் மிதக்கும் எண்ணெய் சூப்பர்நேட்டன்ட் ஆகாது. வடிதாளில் இறங்கியது வடிநீர்; அதை இந்தப் பெயரில் எழுதினால் மதிப்பெண் போச்சு. ஜோடிச் சொல்லான பிரெசிபிடேட், அதாவது வீழ்படிவு, லத்தீனில் 'தலைகுப்புற' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒன்று குப்புற விழுகிறது, இன்னொன்று மேலே நீந்துகிறது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. குச்சிக்கிழங்கை அரைத்துச் சலித்த பாலைத் தேக்கினால் மாவு அடியில் இறுகும். மேலே நிற்கும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர்தான் சூப்பர்நேட்டன்ட். ஏற்காட்டில் காப்பிப் பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் மேலே வரும் பொக்குப் பழம் நிஜமாகவே மிதக்கிறது, ஆனால் அது திடப்பொருள்.

ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர்மம் சீரம்; அதுவும் சூப்பர்நேட்டன்ட்தான். செய்முறையில் அதைப் பிரிக்கச் சொன்னால், உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்காத குழாயில் ரத்தத்தை 30 நிமிடம் அசைக்காமல் உறையவிடுங்கள். பிறகு குழாயைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 10 நிமிடம். எதிர்க்குழாயில் அதே எடைக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் உதறும், படிந்ததும் கலையும். பதிவேட்டில் சுற்றை மட்டும் எழுதாதீர்கள்; புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு விசை என்பதையும் (ஜி) எழுதுங்கள். அதற்கு, சுழலும் அச்சிலிருந்து குழாயின் அடிவரை உள்ள ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றின் வர்க்கத்தாலும் 0.00001118 ஆலும் பெருக்குங்கள். ஆரம் 10 என்றால் ஏறக்குறைய 1006 ஜி; ஆரம் 15 என்றால் அதே 3000 சுற்றுக்கு 1509 ஜி.

சீரத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டின் குமிழை வெளியிலேயே அமுக்கிவிட்டு நுனியை இறக்குங்கள். உள்ளே போய் அமுக்கினால் காற்றுக்குமிழி அடியைக் கிளறிவிடும். நுனி நீர்மத்தின் மேல்மட்டத்தோடு கூடவே இறங்கட்டும். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்படாமல் உறைகட்டிக்கு மேல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். குழாய் சாய்ந்து நிற்கும் இயந்திரத்தில் படிவு நடுவில் இருக்காது, வெளிப்பக்கச் சுவரோரம் ஒட்டியிருக்கும். நுனி அதற்கு எதிர்ப்பக்கம் போகட்டும்.

அணுக்கள் கலந்து கலங்கலாக வந்துவிட்டால் வேறு குழாய்க்கு மாற்றி இன்னொரு 5 நிமிடம் சுழற்றலாம். சுழற்றியும் சிவப்பு போகவில்லையா, அணுக்கள் உடைந்துவிட்டன. அதில் பொட்டாசியம் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். புது ரத்தம்தான் எடுக்க வேண்டும்.