நெட் தேர்வுக்குப் படியெடுத்தலைப் படிப்பது எப்படி?

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் மூலக்கூறு உயிரியல் பகுதியைக் கண்டாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் உண்டு. அபிஷேகப்பட்டியில் முதுகலை படித்தபோது என் வகுப்பிலும் இதே கதைதான். யூகேரியோட் செல்களில், அதாவது உட்கரு உள்ள செல்களில், டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாகும் படியெடுத்தல் ஒன்றை உருப்படியாகப் படித்தால் அந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும்.

படியெடுக்கும் நொதிகளான மூன்று ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்களை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முதலாவது, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸில் பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களுக்கானது; இரண்டாவது, தூது ஆர்.என்.ஏ.வின் முன்வடிவத்துக்கு, மூன்றாவது, கடத்து ஆர்.என்.ஏ.வுக்கும் 5எஸ் ஆர்.என்.ஏ.வுக்கும். ஆல்ஃபா அமானிட்டின் என்ற காளான் நஞ்சு சிறிதளவு இருந்தாலே இரண்டாவது முடங்கும், அளவு கூடினால் மூன்றாவதும் முடங்கும், முதலாவது மசியாது. வினா எடுப்பவர்களுக்கு இந்த இடம் வெல்லக்கட்டி.

நேரத்தைச் செலவழிக்க வேண்டியது இரண்டாவது பாலிமரேஸில். பாளையங்கோட்டையில் பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் பார்த்த குறிப்பேடுகளில் எல்லாம் படியெடுத்தல், தொப்பி (ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் ஏறும் மூடி), இன்ட்ரான் (இடையில் வெட்டி எறியப்படும் துண்டு) நீக்கம், பாலி-ஏ வால் (பின்முனையில் சேரும் அடினின் தொடர்) என்று ஒன்று முடிந்த பின்பே அடுத்தது தொடங்குவதுபோல எண் போட்டிருக்கும். செல்லுக்குள் அப்படி நடப்பதில்லை. நொதி டி.என்.ஏ. மீது நகர்ந்துகொண்டிருக்கும்போதே மற்ற வேலைகளும் தொடங்கிவிடுகின்றன.

இதை வாசிப்பதைவிட வரைவதுதான் நல்லது. கிழித்துப்போட்ட மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் அதற்கு எடுப்பாக இருக்கும். குறுக்கே ஒரு கோடு டி.என்.ஏ.; படியெடுத்தல் தொடங்கும் புள்ளிக்கு முன்னால் சுமார் 25 முதல் 30 கார இணைகள் தள்ளி டாட்டா பெட்டி என்ற டி.என்.ஏ. தொடர். அதில் டி.எஃப்.டூ.டி. என்ற காரணி (படியெடுத்தலைத் தொடங்க உதவும் புரதம்) அமர்கிறது, மற்ற காரணிகளும் பாலிமரேஸும் வந்து சேர்கின்றன. கடைசியில் வரும் டி.எஃப்.டூ.எச். இழைகளைப் பிரிக்கிறது, பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட்டையும் ஏற்றுகிறது. சிவப்பு மையில் எழுத வேண்டியது இந்த வாலைத்தான். ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட தொடர் மனிதரில் 52 முறை அடுக்கிய வால் அது. ஐந்தாம் இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏறினால் தொப்பி போடும் நொதி வந்து ஒட்டும், ஆர்.என்.ஏ. 20, 30 நியூக்ளியோடைடு நீள்வதற்குள் தொப்பி ஏறிவிடும். இன்ட்ரானை நீக்கும் காரணிகளும் இதே வாலில்தான் ஒட்டும். பிறகு இரண்டாம் இடத்துச் செரினில் பாஸ்பேட் கூடும்போது, பின்முனையை வெட்டிப் பாலி-ஏ சேர்க்கும் குழு வந்து சேரும். ஏஏயுஏஏஏ என்ற குறியைத் தாண்டி 10 முதல் 30 இடங்களுக்குள் வெட்டு விழும். நொதியின் வால் வேறு, ஆர்.என்.ஏ.வின் பாலி-ஏ வால் வேறு. ஆளுக்கொரு நிறம் கொடுத்துவிடுங்கள்.

இப்படி வரைந்தவருக்கு, யோசித்து விடை காண வேண்டிய 'சி' பகுதிக் கேள்விகள் தாமே வழிவிடும். பாலிமரேஸின் வாலை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், தொப்பி, இன்ட்ரான் நீக்கம், பின்முனை வெட்டு மூன்றுமே குலையும் என்பது படத்திலேயே இருக்கிறது. தூது ஆர்.என்.ஏ.வுக்கான ஜீனை மூன்றாவது பாலிமரேஸின் புரோமோட்டரோடு (படியெடுத்தலைத் தொடங்கவைக்கும் டி.என்.ஏ. பகுதி) இணைத்தால் என்ன ஆகும் என்பதும் இதே வகைக் கேள்விதான்: அந்த நொதிக்கு இப்படியொரு வால் இல்லை, ஆகவே வழக்கமான தொப்பியை எதிர்பார்க்க முடியாது. காரணிகளின் உபஅலகுகளை எல்லாம் ஒப்பிப்பது வீண்வேலை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால், அப்படிப்பட்ட கேள்வியைத் தொடாமல் விடுவதே மேல்.