எண்பதில் உதறும் வண்டி

"அண்ணா, எம்பதுல போனா ஹேண்டில் ஒதறுதுங்க" என்று சொல்லி வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்துகிறவரிடம் சாவியை வாங்கி உடனே கழற்ற ஆரம்பித்தால், தேவையில்லாத பாகம்தான் முதலில் மாறும். கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) மாற்றுவார்கள், பிறகு டயர், பிறகு ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்) ஆயில். பணம் போன பிறகும் அதே எண்பதில் அதே உதறல் இருக்கும். ஸ்பேனரைத் தொடும் முன் தெரிந்தாக வேண்டியது ஒன்றுதான்: இந்த அதிர்வு இன்ஜின் சுற்றோடு ஏறி இறங்குகிறதா, சக்கரத்தின் சுற்றோடா?

அவினாசி தாண்டிப் பெருந்துறை போகும் நெடுஞ்சாலை மாதிரி நேரான, பள்ளம் குறைந்த சாலை இதற்குப் போதும். ஐந்தாவது கியரில் 80 வைத்துப் பாருங்கள். அதே 80-ஐ நான்காவது கியரில் வையுங்கள். உதறல் மாறாமல் இருந்தால் டயர், ரிம், வீல் பேரிங், செயின் பக்கம் போக வேண்டும். கியரோடு சேர்ந்து உதறலும் மாறினால் இன்ஜின், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், சைலன்சர் பக்கம். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, கிளட்சைப் பிடித்துச் சும்மா உருளவிட்டால் இன்னும் தெளிவாகும். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் உதறல் தொடர்ந்தால், இன்ஜினைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

கைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். 17 அங்குல ரிம்மில் 150/70 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 11 சுற்று சுற்றும். இன்ஜின் 4,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருந்தால் நொடிக்கு 75 சுற்று. அதனால் சக்கரக் கோளாறு தனித்தனி உதறலாகத் தெரியும். இன்ஜின் கோளாறு உள்ளங்கையையும் பாதத்தையும் மரத்துப்போக வைக்கும் ரீங்காரமாக வரும்.

மெதுவான சத்தத்துக்கு இதே கணக்கு இன்னும் நன்றாக உதவும். நியூட்ரலில் போட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். 'டக்' என்ற சத்தம் இரண்டு மீட்டருக்கு ஒருமுறை வந்தால் டயர், டிஸ்க், பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இவற்றில் ஒன்று. ஏறக்குறைய ஐந்து மீட்டருக்கு ஒருமுறை வந்தால் செயின். பின் ஸ்பிராக்கெட்டில் 45 பல், செயினில் 110 கண்ணி என்றால், சக்கரம் இரண்டரைச் சுற்று போகும்போதுதான் செயின் ஒரு முழுச் சுற்று வரும். பாகம் வாங்குவதற்கு முன் இந்த நடையை நடந்துவிடுங்கள். காசு செலவில்லாத சோதனை இதைவிட வேறில்லை.

செயினில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரே இடத்தில் தொய்வைப் பார்த்துவிட்டு டைட் வைப்பது. பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 20 மி.மீ., இன்னோரிடத்தில் 40 மி.மீ. என்று வந்தால் சில கண்ணிகள் இறுகிவிட்டன, சில நீண்டுவிட்டன. அதை டைட் வைத்துச் சரிசெய்ய முடியாது; செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி விளிம்பில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தாலும் அதே தீர்ப்புதான். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் நார் மில் தூசி படிகிற சாலைகளில் ஓடும் வண்டிக்கு 500 கி.மீ.க்கு முன்பே செயினைத் துடைத்து லூப் (மசகு) போடுவது நல்லது. இன்னொன்று, தொய்வு எவ்வளவு என்பதை மேனுவலில் சொன்னபடியே வைக்க வேண்டும். சத்தம் வருகிறதே என்று இறுக்கினால், இரண்டு பேரும் பெட்டிகளும் ஏறியதும் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்கார்ம் மேலேறிச் செயின் கம்பி மாதிரி விறைக்கும். கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்தான் அந்தச் சுமையை வாங்கும். பிறகு வேகத்தோடு ஏறும் 'ஊய்ங்' சத்தம் வரும். அதைச் சரிசெய்யும் செலவு செயின் கிட்டைவிடப் பல மடங்கு.

ஹேண்டிலில் மட்டும் உதறல், அதுவும் வேகம் குறையும்போது 60-க்கும் 50-க்கும் நடுவில் என்றால், முன் டயரைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுக்கியும் மறுபக்கம் ரம்பமாகவும் இருந்தால் டயர் படிப்படியாகத் தேய்ந்திருக்கிறது. காற்று குறைவாக ஓட்டியதே பெரும்பாலும் காரணம். காற்றைக் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பஞ்சர் கடையில் டயர் சரியாக உட்காரவில்லை. உள்ளே ஊற்றிய பஞ்சர் திரவம் ஓரிடத்தில் தேங்கிப் பேலன்ஸைக் கெடுப்பதும் உண்டு.

அடுத்தது கோன்செட். முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டொக்' என்று தட்டக் கூடாது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் விழுந்து நிற்பது போலிருந்தால் பந்துகள் பாதையில் குழி போட்டுவிட்டன. பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகளில் பாரத்தோடு ஏறி இறங்குவது இதன் முக்கியக் காரணம். குழி விழுந்ததை இறுக்கி வைத்தால், மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலையும்.

ஆனி, ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கம் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்குத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. பின்னால் உயரமான டாப் பாக்ஸ், அதில் பத்துக் கிலோ என்றால் முன்சக்கரம் இலேசாகி, பக்கக் காற்றில் முழு வண்டியும் நெளியும். பெட்டியைக் கழற்றிவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பார்க்காமல் இதைக் கோளாறு என்று முடிவு செய்யக் கூடாது. கனமான சாமான்களைப் பக்கப் பெட்டிகளில், கீழே, முன்னால் தள்ளி வையுங்கள்.

பிரேக் பிடித்தால் லீவர் துடிக்கிறது என்றால் டிஸ்க் வளைவு. டயல் கேஜ் (வளைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்துப் பார்த்தால் உடனே தெரியும்; கோயம்புத்தூரில் எந்த லேத் பட்டறையிலும் அது கிடைக்கும். பொதுவாக 0.3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

இன்ஜின் பக்க அதிர்வில், புதிதாக எதை மாட்டினீர்கள் என்று கேட்பது பாதி வேலையை முடித்துவிடும். ஹேண்ட்கார்டு மாட்டும்போது ஹேண்டில் முனையிலிருந்த எடையைக் கழற்றியிருப்பார்கள்; கை மரத்துப்போகும். கிராஷ் கார்டை இன்ஜின் மவுண்ட் போல்ட்டோடு சேர்த்து மாட்டி, டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வண்டி முழுக்க ரீங்காரம் எழும்.

'டிக் டிக்' என்றாலே டேப்பட் (வால்வை அழுத்தும் பாகத்தின் இடைவெளி) என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. சைலன்சர் பைப் இன்ஜினின் தலைப்பகுதியில் இணையும் இடத்தில் கசிவு இருந்தாலும் அதே சத்தம்தான் வரும். அங்கே கரி படிந்திருக்கும். டேப்பட் என்றால் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். சத்தம் அறவே போகும்படி இறுக்குவது ஆபத்து, வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி வரும் கரகரப்பு, இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனருக்கு எண்ணெய் அழுத்தம் ஏறும் வரைதான். சூடான பிறகும் நீடித்தால் பார்க்க வேண்டும். கிளட்சைப் பிடித்ததும் நிற்கும் கடகடப்பு கிளட்ச் பெல் (கிளட்ச் தட்டுகளின் வெளிக்கூடு) அல்லது கியர்பாக்ஸ் பக்கம்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு, குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில் இழுத்தால் கோலி உருட்டுவது போல நாக்கிங் கேட்கும். ஒரு கியர் குறைத்ததும் அது போய்விட்டால் பயமில்லை. எந்தக் கியரிலும் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அடியிலிருந்து கனமாக 'தட் தட்' என்று வந்தால் அது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை. ஆயில் வடித்துப் பார்த்தால் மினுமினுப்பாக உலோகத் துகள் மிதக்கும். அதோடு மலையிறங்கிப் பொள்ளாச்சி வரை ஓட்டி வர நினைக்காதீர்கள். ராடு உடைந்தால் கிராங்கேஸையே (இன்ஜினின் அடிக்கூட்டை) துளைத்துக்கொண்டு வெளியே வரும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அங்கேயே நிறுத்தி டெம்போவில் ஏற்றிவிடுங்கள்.