பலெர்மோ நிலவறையும் பக்கத்து வீட்டு பாட்டியும்

அக்டோபர் லீவுல பாரிஸ் போயி நாத்தனார் வீட்ல நாலு நாள் இருந்துட்டு அப்டியே இத்தாலில சிசிலி தீவு ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம். நாங்க இருக்கற ரெயூனியன் தீவுக்கு திரும்பினதுலேந்து எல்லாரும் கடல் போட்டோ கேக்கறாங்க, நான் சொல்ல நெனக்கறது வேற எடம், அதுக்கு போட்டோவே கெடையாது. பலெர்மோ ஊர்ல கப்பூசின்னு சொல்ற கத்தோலிக்க சாமியாருங்க மடத்துக்கு கீழ ஒரு நிலவறை, அங்க செத்தவங்கள பொதைக்கவும் இல்ல எரிக்கவும் இல்ல, துணி உடுத்தி செவுத்துல வரிசையா நிக்க வெச்சிருக்காங்க. 1200க்கு மேல.

போலாம்னு அடம் புடிச்சது என் பொண்ணு, 11 வயசு. "எழவு வீட்டுக்கு போய்ட்டு வந்தாலே தலைக்கு ஊத்திக்கற ஆளு நீ, இதுக்கு காசு குடுத்து டிக்கெட் வாங்கறியா"ன்னு வீட்டுக்காரரு ஒரே சிரிப்பு.

அதுக்கு மொத நாளு மார்க்கெட் பக்கம் ஒரு நம்ம ஆளுங்க கடைல பச்ச மொளகா வாங்கினேன், கடைல இருந்தது யாழ்ப்பாணத்து அக்கா. நாங்க போற எடத்த சொன்னதும் அவங்க மொகம் மாறிடுச்சு. "ஐயோ, பிள்ளையையும் கூட்டிக்கொண்டோ போறியள்? நான் இஞ்ச வந்து இருவது வருசம், ஒருக்காலும் உள்ளுக்க போகேல்ல. மலைக்கு சாந்தா ரொசாலியாட்ட போங்கோ, நல்ல சக்தி"ன்னாங்க. ரொசாலியா அந்த ஊர் காவல் தெய்வம் மாதிரி, மோந்தே பெல்லெக்ரினோ மலை மேல குகைக்குள்ள கோயில், பலெர்மோ தமிழ் ஆளுங்க இந்துவோ கிறிஸ்டியனோ எல்லாரும் நேந்துகிட்டு ஏறுவாங்க. 1624ல கொள்ளை நோய் வந்தப்ப அந்த குகைலேந்து அவங்க எலும்ப எடுத்து ஊர்வலமா ஊர சுத்தி வந்தாங்க, அதுல தான் நோய் நின்னுச்சுன்னு நம்பிக்கை. அப்ப நீங்க கும்பிடறதும் எலும்பு தானே அக்கான்னு கேக்க வாய் வந்துச்சு, அடக்கிகிட்டேன்.

படி எறங்குனா நான் பயந்த மாதிரி நாத்தம் எதுவும் இல்ல. ரொம்ப வருஷம் தொறக்காத ட்ரங்க் பொட்டிய தொறந்தா ஒரு வாசன வரும்ல, அது தான். 1599ல மொதல்ல ஒரு சாமியார் ஒடம்ப வெச்சு ஆரம்பிச்சது, மடத்து ஆளுங்களுக்கு மட்டும்னு இருந்தது அப்புறம் ஊர்ல காசு உள்ளவங்களும் எனக்கும் ஒரு எடம் வேணும்னு கேட்டு வந்துட்டாங்க. அந்த காலத்துல சுட்ட மண் கொழாய அடுக்கி அது மேல ஒடம்ப கெடத்தி கதவ மூடிடுவாங்க, தண்ணியெல்லாம் வடிஞ்சு காய மாசக்கணக்கா ஆகும், அப்புறம் வெளிய எடுத்து வினிகர் போட்டு கழுவி, உள்ள வைக்கோல் அடைச்சு, அவங்களோட நல்ல துணிய போட்டு நிக்க வெப்பாங்க. சாமியாருங்களுக்கு ஒரு பக்கம், பாதிரிமாருக்கு ஒரு பக்கம், ஆம்பள, பொம்பள, கல்யாணம் ஆவாத பொண்ணுங்க, கொழந்தைங்கன்னு தனித்தனி நடை. செத்தும் இந்த பந்தி பிரிக்கறது போகல பாருங்க. சாமியாருங்க கழுத்துல கயிறு தொங்குது, பாவத்துக்கு பரிகாரமா உயிரோட இருக்கறப்பவே போட்டுக்கறதாம். நான் பாத்து நின்னது ஒரு ஆளோட கைய தான், மொகத்த பாக்க தைரியம் இல்லாம கீழயே பாத்துட்டு வந்தேன்ல, வெள்ள கையொறையா இருந்திருக்கும், இப்ப டீ கலர்ல ஆயிருக்கு, ஆள்காட்டி வெரல் நுனி பிஞ்சு அதுலேந்து ஒரு வைக்கோல் குச்சி நீட்டிகிட்டு இருக்கு. யாரோ அளவு பாத்து வாங்கின கையொறை.

அப்பல்லாம் குடும்பத்துக்காரங்க வந்து பாத்துகிட்டே இருப்பாங்களாம், துணி மாத்துவாங்களாம், கைய புடிச்சுகிட்டு சேந்து ஜெபம் பண்ணுவாங்களாம். மடத்துக்கு காணிக்கையும் கட்டிகிட்டே வரணுமாம், நின்னுடுச்சுன்னா நிக்கற எடத்துலேந்து எடுத்து பலகைல ஒதுக்கிடுவாங்க. எங்க வீட்டுக்காரரு காதுல வந்து "வாடகை பாக்கி"ன்னாரு, நான் மொறச்சேன்.

கடைசில தான் அந்த பாப்பா, அதுவும் ரொசாலியா தான், ரொசாலியா லொம்பார்தோ. 1920 டிசம்பர் 6 நிமோனியால போச்சு, ரெண்டு வயசுக்கு ஒரு வாரம் பாக்கி. அப்பா தாங்க முடியாம அல்ஃப்ரெதோ சலாஃபியான்னு ஒருத்தர்கிட்ட கேட்டு பதப்படுத்த வெச்சாரு. என்ன மருந்துன்னு ரொம்ப காலம் ரகசியமா இருந்து 2009ல அவரு கைப்பட எழுதி வெச்சது கெடச்சுது: ஃபார்மலின், ஆல்கஹால், கிளிசரின், சாலிசிலிக் ஆசிட், துத்தநாக உப்பு. கண்ணாடி பொட்டிக்குள்ள நெத்தில முடி சுருண்டு, தலைல பெரிய ரிப்பன் பூ வெச்சு, மதியானம் தூங்கற கொழந்த மாதிரியே இருக்கு. கண்ண தொறந்து மூடுதுன்னு நெட்டுல ஒரே வீடியோ, அது சன்னல் வெளிச்சம் நேரத்துக்கு நேரம் சாயறதால அப்டி தெரியுது, இமை முழுசா மூடவே இல்ல அதுக்கு. என் பொண்ணு ஒண்ணும் பேசல, என் துப்பட்டா நுனிய சுருட்டிகிட்டே நின்னா. பின்னாடி ஒருத்தன் நைசா போன தூக்கினான், காவல் ஆளு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

இங்க ரெயூனியன்ல எங்க ஊரு சேந்தாந்த்ரேல பக்கத்து வீட்டு பாட்டி மலபார் ஆளு, தமிழ் பூர்வீகக்காரங்கள இங்க அப்டி தான் சொல்வாங்க, நாலஞ்சு தலமொறையா இங்கயே, பேச்செல்லாம் இந்த தீவு பாஷை கிரெயோல், தமிழ் சாமி பாட்டுல மட்டும் தான். எல்லாம் சொன்னேன். நான் மூஞ்ச சுளிப்பாங்கன்னு நெனச்சா பொறுமையா கேட்டுட்டு "அந்த கொழந்தைக்கு யாரு சாப்பாடு வெக்கறாங்க?"ன்னாங்க. யாரும் வெக்க மாட்டாங்கன்னேன். சரியில்லன்னு தலைய ஆட்டினாங்க.

நவம்பர் பொறந்து துசேனுக்கு, அதாவது நவம்பர் 1 புனிதர்கள் திருநாளுக்கு, எல்லாரும் கல்லறைக்கு பூவோட போயி வந்தப்பறம் அவங்க வீட்ல சம்ப்ளானி, செத்தவங்களுக்கு படைக்கறது, நம்ம சாம்பிராணி தான் அப்டி திரிஞ்சிருக்கும்னு நெனக்கறேன். வாழ எலைல சோறு, கோழி கறி, தாத்தாவுக்கு ரம்மு ஒரு கிளாஸ், ஒரு சிகரெட்டு. சிசிலிலேந்து நான் குடுத்த பாதாம் மிட்டாயும் எலைல இருந்துச்சு, பழம் மாதிரியே பண்ணி கலர் அடிச்சிருப்பாங்க, அங்க நவம்பர் 2 அன்னிக்கு செத்தவங்க கொண்டாந்து குடுத்ததுன்னு கொழந்தைங்களுக்கு தர்றது. பீச் பழம் மாதிரி இருந்தத மட்டும் பாட்டி தனியா ஓரமா வெச்சிருந்தாங்க. அது தனக்குன்னு என் பொண்ணு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாளாம், ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுகிட்டா.