பழைய நிலைக்கட்டையில் ஒரு ஐயனார் குதிரை

அறந்தாங்கி பக்கம் இருந்த அப்பத்தா வீட்டை இடித்தபோது, நல்ல மரத்தையெல்லாம் சித்தப்பா பழைய மரக்கடைக்கு விலை பேசி முடித்துவிட்டார். எனக்குக் கிடைத்தது கொல்லைப்பக்க ஜன்னல் நிலையின் ஒரு துண்டு. இரண்டரை அடி நீளம், நாலுக்கு மூணு அங்குலக் கனம். அதில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கீல்களும், பரணில் கிடந்த உடைந்த மத்தும் உபரி. “அடுப்பெரிக்கத்தானே?” என்றார் சித்தப்பா. ஆமாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். குதிரை செய்யப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் அன்று முழுக்க அதுதான் பேச்சாக இருந்திருக்கும்.

முதல் வாரம் முழுக்க பெயிண்ட்தான். மேலே பச்சை, உள்ளே நீலம், அதற்கும் உள்ளே காவி. உப்புத்தாளை எடுத்து உலர்வாகத் தேய்க்க ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் நிறுத்தினேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோது நான் பிறக்கவே இல்லை. அந்தத் தூளை மூச்சில் இழுக்க வேண்டாமென்று, வாட்டர் பேப்பரும் தண்ணீருமாக ஈரத்திலேயே தேய்த்தேன். வழித்த பெயிண்டைப் பழைய பேப்பரில் சுருட்டிக் கட்டி வைத்தேன். பிள்ளைகளை மொட்டைமாடிப் பக்கம் விடவில்லை.

பெயிண்ட் போன பிறகும் கழுவிய தண்ணீர் தெளியவே இல்லை. வாளியில் கடுங்காப்பி நிறம். வெயில் பட்ட ஓரத்தில் மட்டும் லேசான நீலம். சாயம்தான் இன்னும் மிச்சமிருக்கிறது என்று நினைத்து மூன்று தடவை தண்ணீர் மாற்றினேன். தேக்குக் கட்டை, ஓரிடத்தில் இழைத்துத் தாருங்கள் என்று தெருமுனை ஆசாரியிடம் எடுத்துப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

“தேக்குன்னு யாரு தம்பி சொன்னா? வேங்கை இது. சுகர்காரங்க தண்ணி ஊத்திவச்சுக் குடிக்க டம்ளர் கடையிறாங்கல்ல, அந்த மரம். தண்ணியில போட்டா சாயம் விடத்தான் செய்யும்.”

குழந்தைகளுக்கு வைக்கும் கறுப்புப் பொட்டுக்கு அப்பத்தா கொட்டாங்குச்சியில் காய்ச்சி வைத்திருந்தது இந்த மரத்தின் பால்தான். எனக்கும் அந்தப் பொட்டுதான் வைத்திருப்பார்கள். அத்தனை வருஷமும் அதே மரம் கொல்லையில் பச்சைப் பெயிண்டுக்குள் நின்றிருக்கிறது.

ஆணி பிடுங்குவது தனிக் கதை. இரண்டரை அடிக்குள் பதினொரு ஆணி. கொண்டை இருந்ததைக் குறடு பிடித்துச் சுழற்றி எடுத்தேன். கொண்டை போனதைச் சுற்றி உளியால் நோண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மை கொட்டியதுபோல நீலக்கறுப்பு வளையம். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்புத் துருவும் சேர்ந்து உண்டாகும் கறை அது. அதைத் தேய்த்து எடுக்க ஒரு மாலை முழுவதும் மெனக்கெட்டேன், போகவில்லை. இவ்வளவு பிடிவாதமான கறுப்பைப் போக்குவானேன், குதிரைக்கே பூசிவிடலாமே என்று அப்புறம்தான் தோன்றியது.

புது வித்தை ஒன்றும் இல்லை. சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் ஊர்களில் துணியில் படம் எழுதும் கலம்காரிக்காரர்கள் கறுப்புக்குக் காலங்காலமாகச் செய்வதுதான்: துணிக்குக் கடுக்காய், மேலே எழுத இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். வெல்லம் புளிக்கக் காத்திருக்கப் பொறுமை இல்லாததால் நான் வினிகருக்குப் போனேன். பிடுங்கிய ஆணிகளையே கால் லிட்டர் வினிகரில் ஆறு நாள் ஊறவிட்டேன். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு கிளம்பும். வேங்கைத் துண்டில் ஒரு பூச்சுக்கே கண்ணெதிரில் கறுத்தது. கால்களுக்கு எடுத்து வைத்திருந்த பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் வந்தது, அதில் துவர்ப்பு குறைவு. கடுக்காய்த்தூள் கொதிக்கவைத்த நீரை முதலில் பூசி, காய்ந்த பிறகு ஆணித் தண்ணீர் பூசினேன். பிடித்துக்கொண்டது.

பேலட் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: கட்டையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) என்றால் சூடுகாட்டிய மரம், எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொட வேண்டாம்.

கால்களில்தான் மானம் போனது. மண் குதிரை செய்யும் வேளார்கள் முதலில் கால்களைத்தான் கூடான குழல்களாக எழுப்புவார்கள்; அவை இறுகிய பிறகே உடம்பு மேலே ஏறும். நான் உடம்பையும் கழுத்தையும் முதலில் முடித்து, கால்களைக் கடைசியில் ஒட்டவைத்தேன். முன்னங்கால் இரண்டும் நுனியில் ஆணி அடித்ததுமே பிளந்தன. மாற்றுக் கால்களுக்கு 3 மில்லி ஓட்டை முதலில் போட்டு ஸ்குரூ முடுக்கியதில் பிளவு இல்லை. நிறுத்திப் பார்த்தால் குதிரை மூக்குக் குப்புற விழுகிறது. வேங்கைத் தலை கனம், பேலட் கால் லேசு. ஊர்க் கோயில்களில் பெரிய குதிரைகளின் வயிற்றுக்கடியில் பூதம் ஒன்று தாங்கி நிற்குமே, அது அழகுக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் புரிந்தது. உடைந்த மத்தைத் தலைகீழாக நெஞ்சுக்கடியில் முட்டுக் கொடுத்தேன். மத்தின் பல்லெல்லாம் பூதத்தின் தலைமுடி மாதிரியே அமைந்துவிட்டது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதில் என் கைத்திறமை எதுவும் இல்லை என்றாலும்.

கீல்களைப் பிரித்து இரண்டு காது. சோடா மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோத்துக் கழுத்துமாலை. பழைய சைக்கிள் மணியின் மூடி நெற்றிக்கு.

கண்ணுக்குக் கோலிக்குண்டு. டிரில்லில் 16 மில்லி ஸ்பேடு பிட்டை (தட்டையான துளை அலகு) போட்டு வலது கண் சுலபமாக முடிந்தது. இடது கண் அரை அங்குலம் இறங்கியதும் கிறீச்சென்று ஒரு சத்தம், ஒரு பொறி. பிட்டின் ஒரு மூலை போயே போய்விட்டது. ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் மரத்தின் செம்பழுப்புக்கு நடுவே வெள்ளியாக மின்னும் ஒரு புள்ளி. பன்னிரண்டாவது ஆணி. கொண்டையும் இல்லை, வெளியே அடையாளமும் இல்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டையின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். இப்போது எந்தத் துண்டை எடுத்தாலும் முதல் வேலை அதுதான்.

அந்த ஆணியை எடுக்கப் போனால் தாடை பிளக்கும். அப்படியே விட்டுவிட்டேன். வலது கண்ணில் பச்சைக் கோலி, இடது கண்ணில் ஆணிமுனை. “ஒத்தக் கண்ணால முறைக்குதுடா” என்று அம்மா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

வால் பாக்கி. தேங்காய் நார் வைத்துப் பார்த்தேன், விளக்குமாறு மாதிரி இருந்தது. பனந்தும்பு கொஞ்சம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அதையும் ஆணித் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும்.