6.40 பேருந்தும் கடுக்காய்ப் பொடியும்

மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் கேட்பது இதுதான்: காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறீர்கள்? கேட்டவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஏதாவது பழத்தின் பேரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் என் வயிற்றுக்கோளாறு தொடங்கியதே ஒரு பேருந்து நேரத்தில்தான்.

குடியிருப்பது கோவில்பட்டியில். வேலை, அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். 6.40 பேருந்தை விட்டால் அடுத்தது எட்டேகாலுக்கு. அதில் போய் இறங்கினால் பிரேயர் முடிந்து முதல் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, தலையை வாரிக்கொண்டு ஓட்டம். வயிறு கூப்பிடுவது சரியாக ஆறரை மணிக்கு. அப்போது நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவேன். சாயங்காலம் வயிறு கூப்பிடவே கூப்பிடாது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தண்ணீரை வெளித்தொட்டியில் மொண்டு, மைதானத்தைச் சுற்றி, பையன்கள் பார்க்க வாளியில் தூக்கி வர வேண்டும். அதனால் எங்களுக்குள் பேசி வைக்காத ஒரு ஏற்பாடு இருந்தது. மதியச் சாப்பாடு வரை யாரும் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில்லை. கோடையில், கரிசல் காட்டு வெயிலில், தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் குடல் எங்கிருந்து ஈரத்தைக் கொண்டுவரும்?

உடம்பு இதில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பின்னால்தான் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூங்கி எழுந்ததும் பெருங்குடல் சுறுசுறுப்பாகிறது. வயிற்றுக்குள் எதையாவது அனுப்பியதும் இன்னும் வேகமாகச் சுருங்கி, இருப்பதைக் கீழே தள்ளுகிறது. "காபி குடித்தால்தான் எனக்கு வரும்" என்று வீட்டுக்கு ஒருவர் சொல்வார் இல்லையா, அது வெறும் பழக்கதோஷம் இல்லை. காபி இறங்கிய சில நிமிடங்களிலேயே சிலருக்குப் பெருங்குடல் அசையத் தொடங்குவதை ஆய்வில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். காஃபின் எடுத்த காபிக்குக்கூட அது நடக்கிறது. அப்படித் தள்ளிக்கொண்டு வந்ததை நாம் அடக்கினால் அது போன இடத்திலேயே நிற்கும். பெருங்குடலின் முக்கியமான வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். நிற்க நிற்க அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் கிடைப்பது ஆட்டுப்புழுக்கை. அடக்கி அடக்கிப் பழகினால் அந்தக் கூப்பிடுதலும் மெல்ல மந்தமாகிவிடும்.

அந்த டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். பிரிஸ்டல் அட்டவணை என்று பெயர். இங்கிலாந்தில் உருவாக்கி, 1997-ல் வெளியிட்டது. மலத்தை ஏழு வகையாகப் படம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு என்றால் சிக்கல், மூன்றும் நான்கும் சரி, அதற்கு மேல் போகப் போக இளக்கம். "உங்களுடையது எது?" என்றார். ஒரு எம்.எஸ்ஸி. பட்டதாரி, கூச்சத்தோடு ஒன்றாம் எண் மேல் விரலை வைத்தேன். தினமும் போயே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையாம். வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவு, முக்கல், கெட்டி, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, இவை மாதக்கணக்கில் நீடித்தால்தான் நாள்பட்ட மலச்சிக்கல். எனக்கு எல்லாமே இருந்தது. தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார், அதில் கோளாறு இல்லை. அப்புறம் என் கைப்பையைத் திறந்து, சாப்பிடும் மாத்திரைகளை மேசைமேல் வைக்கச் சொன்னார். ரத்தசோகைக்குத் தந்த இரும்புச்சத்து மாத்திரை. "இதுவும் ஒரு காரணம்" என்றார். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துக் கெட்டிப்படுவது ரொம்ப சகஜமாம். நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் சாப்பிடும்படி மாற்றிக் கொடுத்தார். சிக்கல் என்று தெரிந்ததும் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கியபடி படியேறும் பெண்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். அதைச் செய்யாதீர்கள், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டில் நடந்தது அத்தையின் வைத்தியம். என் மாமியார் விளாத்திகுளம் பக்கத்துக்காரர். விருந்தாளி இருக்கிறார்களா, பால்காரர் நிற்கிறாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். "என்னத்தா, இன்னைக்கும் ஆகலையா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பார். ராத்திரி ஒரு டம்ளர் கஷாயம் வரும். நிலாவரை.

இந்த இலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அவுரி என்றும் சொல்வார்கள். தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களின் காய்ந்த நிலத்தில் மானாவாரியாக விளைவது. மஞ்சள் பூ பூக்கும். அத்தை சின்னப்பிள்ளையில் இந்த இலையை உருவிக் காயவைக்கக் கூலிக்குப் போனவர். காய்ந்த இலையும் காயும் மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடி துறைமுகம் போய்க் கப்பலேறும். வெளிநாட்டு மருந்து வியாபாரத்தில் இதற்குத் திருநெல்வேலிப் பெயர்தான், 'தின்னவேலி சென்னா'. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அம்புட்டுப் பெரிய மருந்துக்கா எங்களுக்கு எட்டணா கூலி குடுத்தான்?" என்றார்.

அது வேலை செய்யும் விதம் அழகு. சென்னோசைடு என்ற சத்து சிறுகுடலில் அப்படியே கடந்து போகிறது. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் குடலைத் தூண்டிவிடுகிறது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி குடித்தால் விடியற்காலையில் வேலை காட்டுகிறது. எனக்கும் காட்டியது. வயிற்றை முறுக்கிப் பிழிந்து, விளாசித் தள்ளியது. பேருந்தில் அரை வழியில் மறுபடி முறுக்கினால் என்ன செய்வது என்ற பயத்தில் காலைச் சாப்பாட்டையே விட்டேன். ஒன்றுமே சாப்பிடாத குடலுக்குத் தள்ள என்ன இருக்கிறது? இரண்டு நாள் சும்மா இருக்கும், மறுபடி கஷாயம். நிலாவரை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எப்போதாவது அடைத்துக்கொண்டால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அது வாராவாரம் குடிக்கிற சாமான் இல்லை. ஓயாமல் பேதியானால் உடம்பிலிருந்து பொட்டாசியம் இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் சின்னப்பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. விளக்கெண்ணெய்க்கும் அதே பேச்சுத்தான்.

கடுக்காய் இதைவிடச் சாது. பொடியாக வாங்காமல் முழுக்காயாக வாங்குங்கள். அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மேல்தோடு பிளந்து கொட்டை தனியாக வரும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள். அதனால் கொட்டையை எறிந்துவிட்டுத் தோட்டை மட்டும் இடித்துச் சலிக்க வேண்டும். படுக்கப் போகும்போது அரை ஸ்பூன் பொடி, வெதுவெதுப்பான தண்ணீரில். துவர்ப்பு நாக்கை உள்ளே இழுக்கும். எனக்கு ஒத்துக்கொண்டது, என் நாத்தனாருக்கு ஒன்றும் செய்யவில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வெள்ளைச் சோறு ஒரு கப்பில் 1 கிராம்கூடத் தேறாது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. வாரக்கடைசியில் விருதுநகர்ப் பக்கம் போனால் எண்ணெய்ப் பரோட்டா. வயிறு நிறையும், நார் இருக்காது. நான் சோற்றை விடவில்லை, விடவும் மாட்டேன். அளவைக் குறைத்து, பக்கத்தில் இருப்பதை மாற்றினேன். கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஒரு கிண்ணம் சுண்டல். 100 கிராம் சுண்டலில் ஏழு கிராம் நார் கிடைக்கும். பள்ளிக்கூட வாசலில் பாட்டி கூறுகட்டி விற்கிற கொய்யா, 100 கிராமுக்கு ஐந்து கிராமுக்குக் குறையாது. விதையைத் துப்பாமல் தின்ன வேண்டும். வாழைப்பழம் என்றால் தோல் புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்தது. காயாக இருப்பது சிலருக்கு எதிர்மாறாகக் கட்டிவிடும்.

பீர்க்கங்காயைச் சீவித் தோலைக் குப்பையில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தோலைப் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் பச்சை வாடை போகச் சுருள வதக்குங்கள். உளுந்து, மிளகாய் வற்றல், கொஞ்சம் தேங்காய், கோலிக்குண்டு அளவு புளி எல்லாவற்றையும் தனியாக வறுத்துச் சேர்த்து, கரகரப்பாக அரையுங்கள். நைசாக அரைத்தால் ருசி போய்விடும். சூடான சோற்றில் போட்டுப் பிசைந்தால் என் பிள்ளைகள் வேறு குழம்பு கேட்பதில்லை. வாழைத்தண்டை அவர்கள் தொடவே மாட்டார்கள், அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

நாரை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். முதல் வாரம் வயிறு உப்பி, ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே பாடம் நடத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும். கூடவே தண்ணீரும் ஏற வேண்டும். தண்ணீர் இல்லாத நார் இன்னும் கெட்டியாக்கும். இசப்கோலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். குஜராத்திலிருந்து வருகிற உமி அது, தண்ணீரை இழுத்து ஜெல்லாக ஊதும். ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் போட்டு, கெட்டியாகும் முன் மடமடவென்று குடித்துவிட வேண்டும். வாயில் கொட்டிக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தொண்டையிலேயே அடைக்கும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும்.

இவ்வளவு மாற்றியும், ஆறரைக்கு நான் வாசலில் நின்றுகொண்டிருந்த வரைக்கும் பாதிப் பலன்தான் கிடைத்தது. ஒருநாள் இவரிடம் சொன்னேன், "ஏங்க, ஆறு மணிக்கு மேல அடுப்பு உங்க பொறுப்பு." டிபன் பாக்ஸ் கட்டுவது கைமாறியது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு ஊறுகாய் வைக்காமலும், எனக்கு மூடி மாறியும் வந்தது. சரி, பரவாயில்லை. ஆறு மணிக்குக் காபி, ஆறேகாலுக்குக் கழிப்பறை. வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது, செல்போன் கூடாது, முக்கக் கூடாது. எங்கள் வாடகை வீட்டில் இருப்பது வெஸ்டர்ன் டாய்லெட். அதில் உட்கார்ந்தால் ஆசனவாய்க்குப் போகிற வழி சற்று மடங்கியே இருக்கும். குளிக்க உட்காரும் குட்டி ஸ்டூலைக் காலடியில் போட்டு, முட்டியை இடுப்புக்கு மேலே ஏற்றி, கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் குத்தவைத்த நிலை வந்துவிடுகிறது, மடக்கும் நிமிர்கிறது. எனக்கு மருந்தென்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்வேன்.

பள்ளிக்கூடத் தாழ்ப்பாளை நாங்களே காசு போட்டு மாட்டினோம். தண்ணீர்க் குழாய்க்கு மனு கொடுத்திருக்கிறோம். எங்களை விடுங்கள், பெண்பிள்ளைகளும் இதே கதைதான். வயிற்று வலி என்று மேசையில் தலை வைத்துப் படுக்கும் பிள்ளையை முன்பெல்லாம் "காலையில சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பேன். இப்போது தண்ணீர் குடித்தாயா, வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். என் வகுப்பில் பாத்ரூம் போக யாரும் கையைத் தூக்க வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாத இடங்களும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியோடு வயிற்று வலி, நன்றாக இருந்த பழக்கம் ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது: இவற்றில் எது இருந்தாலும் கடுக்காயை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். ரத்தம் என்றதும் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. வயதானவர்களிடம் இன்னொரு ஏமாற்று உண்டு. உள்ளே கெட்டியாக அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாக நீர் மட்டும் ஒழுகும். பார்ப்பவர்கள் பேதி என்று நினைத்து, நிறுத்தும் மாத்திரை கொடுத்து இன்னும் அடைத்துவிடுவார்கள்.

அத்தைக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் கால்சியம் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து சிக்கலைக் கூட்டியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லி, லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். ஒரு மூடி ருசி பார்த்துவிட்டு, "சீனிப்பாகை பாட்டில்ல ஊத்தி விக்கிறான்" என்றார். இருந்தாலும் ராத்திரி மறக்காமல் குடிக்கிறார். நிலாவரை டப்பாவை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறார். விளாத்திகுளத்திலிருந்து யாராவது வந்தால் இன்னும் ஒரு பொட்டலம் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.